லண்டனிலிருந்து ஒரு நாள் காட்டு நடை: எப்பிங், பர்னம், நியூ ஃபாரஸ்ட், சாவர்னாக் – உங்களுக்கு எது?

"ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அரண்மனை, மியூசியம், தேம்ஸ் படகு எல்லாம் முடிந்துவிட்டது. கூட்டமில்லாத ஒரு காட்டைக் காட்ட வேண்டும். எங்கே போகலாம்?" ஏப்ரல் பிறந்தால் லண்டன் தமிழ் வீடுகளில் இந்தக் கேள்வி எழும். கேட்பவர்களில் பலரிடம் கார் இல்லை. இருக்கும் ஒரு நாளும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான்.

பதில் சொல்வதற்கு முன் ஒன்று. அமைதியான காடு என்று பெயர்பெற்ற இடத்துக்குப் போய், கார் நிறுத்துமிடத்தைச் சுற்றியே உலாவிவிட்டுத் திரும்பினால், பூங்காவுக்குப் போய்வந்த அனுபவம்தான் மிஞ்சும். இரைச்சல் மிகுந்த காட்டிலும், செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு மைல் உள்ளே நடந்துவிட்டால் மரங்கொத்தியின் தட்டலைக் கேட்கலாம். ஆகவே கீழே நான் தரும் தீர்ப்பு எல்லாம், நீங்கள் எந்த நாளில் போகிறீர்கள், எவ்வளவு நடப்பீர்கள் என்பதற்கு உட்பட்டது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது ஓசை. தென் இங்கிலாந்தில் முழு நிசப்தம் கிடையாது. பெருஞ்சாலையின் இரைச்சல் காற்றடிக்கும் திசையில் வெகுதூரம் வரும். இலை உதிர்ந்த மாதங்களில் இன்னும் கூடுதலாக வரும். அதற்கு மேல் விமானங்கள். எசெக்ஸில் உள்ள ஹாட்ஃபீல்டு காடு, இடைக்கால அரசர்களின் வேட்டைக்காடு எப்படி இருந்தது என்பதை அப்படியே காட்டும் அபூர்வ இடம். 1924இல், பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது. ஆனால் ஸ்டான்ஸ்டெட் விமான நிலையம் அதன் பக்கத்து வீடு. வரலாற்றுக்காகத் தாராளமாகப் போங்கள்; அமைதி தேடுவோருக்கான இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

இரண்டாவது, கார் இல்லாமல் போய்ச் சேர முடியுமா, அதைவிட முக்கியமாகத் திரும்ப முடியுமா என்பது. கிராமப்புற பஸ்கள் பலவும் ஞாயிறன்று ஓடுவதில்லை. ஓடினாலும் கடைசி பஸ் மாலை ஆறுக்கு முன்பே போய்விடலாம்.

மூன்றாவது மரங்கள். பலகைக்காக வரிசையாக நட்ட ஊசியிலைத் தோப்பும் ஐந்நூறு ஆண்டு ஓக் மரங்கள் நிற்கும் காடும் வரைபடத்தில் ஒரே பச்சையாகத்தான் தெரியும். நான்காவது, காட்டைச் சுற்றியுள்ள நாட்டுப்புறம்: கால்வாய், கிராமம், வயல்வழிப் பாதை, சாப்பிட ஓர் இடம்.

கடைசியாக மறைமுகச் செலவுகள். டாக்சி, பார்க்கிங் கட்டணம், சேற்றில் பாழாகும் காலணி, முழங்கால் வலி ஆகியவற்றை எல்லாம் இதில் சேர்க்கிறேன். முழங்காலைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் வயல்வழிப் பாதைகளில் வேலிகளைத் தாண்ட மரப்படி வைத்திருப்பார்கள். ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு இறங்க வேண்டும். சேலை கட்டிய அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு ஒரு நடையில் ஆறு ஏழு முறை அப்படித் தாண்டுவது விளையாட்டல்ல.

## எப்பிங் காடு: ஆய்ஸ்டர் அட்டையே போதும்

சென்ட்ரல் லைனில் லவ்டன், தெய்டன் பாய்ஸ், எப்பிங் ஆகிய நிலையங்களில் எதில் இறங்கினாலும் காடு நடந்துபோகும் தூரம். மேற்கே சிங்ஃபோர்டு வரை ஓவர்கிரவுண்டு ரயிலும் போகிறது. முன்பதிவு தேவையில்லை, மழை வந்தால் வீடு திரும்பிவிடலாம். இந்தச் சுதந்திரத்தை மற்ற மூன்றும் தராது.

இங்குள்ள மரங்களின் உருவம் விசித்திரமானது. தடித்த, குட்டையான அடிமரம். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே அது திடீரெனப் பல கைகளாகப் பிரிந்து வானுக்கு எழும். ஊர்மக்கள் விறகுக்காகக் கிளைகளை மட்டும் வெட்டிக்கொண்டு அடிமரத்தை உயிரோடு விட்டுவைத்ததால் வந்த உருவம் அது. ஆடு மாடு துளிரைக் கடிக்க முடியாத உயரத்தில் வெட்டினால் மரம் மீண்டும் தழைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலவுடைமையாளர்கள் காட்டை வேலியிட்டு அடைக்கத் தொடங்கியபோது, லவ்டனைச் சேர்ந்த தாமஸ் வில்லிங்கேல் என்ற விறகுவெட்டி தம் வெட்டும் உரிமைக்காக எதிர்த்து நின்றார். போராட்டம் வளர்ந்து, 1878இல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்தது. காடு லண்டன் மாநகரக் கார்ப்பரேஷனின் பொறுப்பில் பொதுமக்களுக்கு உரியதானது. விக்டோரியா அரசி 1882இல் காட்டிலுள்ள ஹை பீச் என்ற இடத்துக்கு வந்து அதை மக்களுக்கு அர்ப்பணித்தார். வேடிக்கை என்னவென்றால் அதே ஏற்பாட்டில் கிளைவெட்டும் உரிமை முடிவுக்கு வந்தது. ஈடாகக் கிடைத்த பணத்தில் எழுந்த லாப்பிங் ஹால் (கிளைவெட்டு மண்டபம்) இன்றும் லவ்டனில் இருக்கிறது. வெட்டுவார் இல்லாமல் வளர்ந்த கிளைகள்தான் இன்று நம் தலைக்கு மேல் பூதாகரமாகக் கவிந்திருக்கின்றன.

இனி குறைகள். ஏறத்தாழ 2,400 ஹெக்டேர் என்றாலும் காடு ஒடுங்கி நீண்டது. எந்த இடத்திலிருந்தும் சாலை வெகுதூரத்தில் இல்லை. ஏ104 சாலை நடுவே போகிறது. வடக்கு முனையில் எம்25 நெடுஞ்சாலையைச் சுரங்கத்துக்குள் இறக்கியிருந்தும் அதன் முனகல் கேட்கும். ஞாயிறு காலை ஹை பீச் தேநீர்க் கடைப் பக்கம் மோட்டார் பைக்குகள் திரளும். நவம்பர் முதல் மார்ச் வரை களிமண் சேறு கணுக்காலைப் பிடிக்கும். அங்குமிங்குமாகப் பிரியும் ஒற்றையடிப் பாதைகளில் வழி தவறுவது சுலபம். காளான் பறிப்பதற்குத் தடை உண்டு. ஆசைக்கு ஒரு கூடை என்றாலும் அபராதம் வரலாம்.

அமைதி வேண்டுமானால் வார நாளில் லவ்டனில் இறங்கி, கிரேட் மங்க் வுட் பக்கமுள்ள பீச் (beech) மரங்களை நோக்கி நடங்கள். வரலாற்றில் நாட்டமுள்ளவர்கள் தெய்டன் பாய்ஸிலிருந்து ஆம்பர்ஸ்பரி பாங்க்ஸ் என்ற இரும்புக்கால மண்கோட்டை வழியாக எப்பிங்குக்கு நடக்கலாம்.

## பர்னம் பீச்சஸ்: வயதானவர்களோடு என்றால் இதுதான்

இதைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. பக்கிங்ஹாம்ஷயரில், சுமார் 220 ஹெக்டேர். 1880இல் இதையும் லண்டன் கார்ப்பரேஷனே வாங்கியது. பல நூற்றாண்டு வயதுள்ள, உள்ளே கோறையாகிப்போன பீச் மரங்களும் ஓக் மரங்களும் நெருங்கி நிற்கின்றன. உள்ளே ஓடும் தார்ச் சாலைகளின் பெரும்பகுதியில் கார்களுக்கு அனுமதியில்லை. எனவே சக்கர நாற்காலி, குழந்தை வண்டி, கைத்தடி எதுவானாலும் போகலாம். கஃபே உண்டு, கழிப்பறை உண்டு, தாண்ட வேண்டிய வேலிப்படிகள் இல்லை.

ஹீத்ரோ அருகில் என்பதால் விமான ஓசை உண்டு. கார் இல்லையென்றால் எலிசபெத் லைனில் ஸ்லவ் போய், ஃபார்னம் காமன் பக்கம் போகும் பஸ்ஸையோ டாக்சியையோ பிடிக்க வேண்டும். பர்னம் என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. பெயரை நம்பி இறங்கினால் சில மைல் நடை காத்திருக்கும். அக்டோபர் கடைசி வாரங்களில் இலை பழுப்பதைப் பார்க்கக் கூட்டம் வரும். இரண்டு மூன்று மணி நேரத்தில் காடு முடிந்துவிடும் என்பதால், நீண்ட நடையை விரும்புவோருக்கு இது போதாது.

## நியூ ஃபாரஸ்ட்: பெரியது, அழகானது, கொஞ்சம் ஏமாற்றுவது

வாட்டர்லூவிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பிராக்கன்ஹர்ஸ்ட். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் தெருவில் குட்டைக் குதிரைகள் நின்றுகொண்டிருக்கும். குழந்தைகளுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்! ஆனால் அவற்றைத் தொடுவதற்கும் உணவு தருவதற்கும் 2023 முதல் தடை இருக்கிறது. புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்து உட்காருமுன் சுற்றிலும் பார்த்துக்கொள்ளுங்கள். குதிரைக்குத் தடையுத்தரவு தெரியாது.

அந்தக் குதிரைகள் காட்டுவிலங்குகள் அல்ல. பொதுமேய்ச்சல் உரிமையுள்ள குடும்பங்களுக்குச் சொந்தமானவை. லிண்ட்ஹர்ஸ்டில் கூடும் வெர்டரர் மன்றம் இந்த உரிமைகளை இன்றும் நிர்வகிக்கிறது. இலையுதிர் காலத்தில் பன்றிகளை அவிழ்த்துவிடுவார்கள். ஓக் கொட்டைகள் குதிரைக்கும் மாட்டுக்கும் நஞ்சு. பன்றிகள் அவற்றைத் தின்று தீர்ப்பதால் எல்லோருக்கும் நன்மை. இங்கிலாந்து அரசர் முதலாம் வில்லியம் வேட்டைக்காக ஒதுக்கிய நிலம் இது. அவருடைய மகன் இரண்டாம் வில்லியம் 1100இல் அம்பு பாய்ந்து இறந்ததும் இங்கேதான்.

ஏமாற்றுவது என்றேனே, அதற்குக் காரணம் இதன் பரப்பு. 2005இல் தேசியப் பூங்காவான இந்த நிலத்தில் பெரும்பகுதி மரமே இல்லாத புதர்வெளியும் புல்தரையும். அடர்ந்த மரநிழலை எதிர்பார்த்து வந்தவர்கள் முதல் மணி நேரம் வெயிலில் நடக்க நேரலாம். மார்க் ஆஷ் காட்டின் பழைய பீச் மரங்கள் தரும் அமைதி எப்பிங்கில் கிடைக்காது. ஆனால் அது நிலையத்திலிருந்து வெகுதூரம். சைக்கிளோ காரோ வேண்டும். பிராக்கன்ஹர்ஸ்டில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். ரைன்ஃபீல்டில் செங்குத்தாக எழும் ராட்சத செக்கோயா மரங்களைக் காண ஒரு குறுநடைப் பாதை உண்டு. பார்க்கத்தக்கதுதான், ஆனால் தனிமை கிடைக்காது.

பலர் தவறவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் காயமடைந்த இந்தியச் சிப்பாய்களுக்கான லேடி ஹார்டிங்கே மருத்துவமனை பிராக்கன்ஹர்ஸ்டில்தான் இருந்தது. கிராமத்தில் மீரட் சாலை என்ற பெயர் அதன் மிச்சம். மரங்களுக்கு நடுவே மேட்டில் நிற்கும் புனித நிக்கோலஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் நியூசிலாந்து வீரர்களின் கல்லறைகளோடு சில இந்தியர்களின் கல்லறைகளும் உள்ளன. அங்குள்ள யூ மரம் மிக முதியது. கிராம மையத்திலிருந்து நடந்தே போகலாம்.

செலவைப் பொறுத்தவரை நான்கில் ரயில் டிக்கெட் இதற்கே அதிகம். பள்ளி விடுமுறையில் சாலைகள் திணறும். மாலையில் கார் ஓட்டுபவர்கள் மணிக்கு 40 மைல் என்ற வரம்பை உண்மையாகவே மதிக்க வேண்டும். வேலியற்ற சாலையில் இருட்டில் குதிரை நிற்பது தெரியாது.

## சாவர்னாக்: என் தேர்வு, நிபந்தனைகளோடு

வில்ட்ஷயரில் மார்ல்பரோ நகரத்துக்குத் தென்கிழக்கே, ஏறத்தாழ 1,800 ஹெக்டேர். நியூ ஃபாரஸ்ட் அளவுக்குப் புகழ் இல்லாததே இதன் பெரிய வசதி. நார்மன் காலத்திலிருந்து விலைக்கு விற்கப்படாமல் வாரிசு வழியாகவே கைமாறி வந்த காடு என்பது உரிமையாளர் குடும்பத்தின் பெருமை. 1939இல் 999 ஆண்டுக் குத்தகைக்கு அரசின் வனத்துறையிடம் மரங்கள் போயின. நிலம் இன்றும் தனியாருடையது. அவர்கள் அனுமதியோடுதான் நாம் நடக்கிறோம். அந்த உரிமையை நினைவுபடுத்த ஆண்டுக்கு ஒரு நாள் காட்டுச் சாலைகளை மூடும் வழக்கம் உண்டு.

ஒரு காலத்தில் இதன் காவலர் பதவி சீமோர் குடும்பத்திடம் இருந்தது. அவர்களுடைய வீடான வுல்ஃப்ஹாலில் அரசர் எட்டாம் ஹென்றி 1535இல் வந்து தங்கினார். மறு ஆண்டே அந்த வீட்டுப் பெண் ஜேன் சீமோரை மணந்தார்.

பெட்வின் நிலையத்துக்குப் பாடிங்டனிலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். சில ரயில்கள் நேரே போகும். மற்றவற்றில் நியூபரியில் மாற வேண்டும். நிலையத்தில் ஊழியர் கிடையாது, டிக்கெட்டை முன்பே எடுத்துக்கொள்ளுங்கள். கிரேட் பெட்வின் கிராமத்தைத் தாண்டி வயல்களும் சிறு தோப்புகளுமாக மேற்கே நடந்தால், சுமார் ஒரு மணி நேரத்தில் காட்டின் கிழக்கு விளிம்பு. உள்ளே நூல் பிடித்தாற்போல் ஏறத்தாழ நான்கு மைல் நீளத்துக்கு ஓடும் கிராண்ட் அவென்யூவில் இருபுறமும் பீச் மரங்கள். நடுவில் எட்டுப் பாதைகள் கூடும் சந்தி ஒன்று. ஆனால் அவென்யூவை விட்டு விலகிய பிறகுதான் சாவர்னாக் தன்னைக் காட்டும். ஆளரவமற்ற புல்வழிகளில், திருகி வெடித்து, பாதி செத்தும் பாதி தழைத்தும் நிற்கும் ஓக் மரங்கள். பலவற்றுக்குத் தனிப்பெயரும் பெயர்ப்பலகையும் உண்டு. பிக் பெல்லி ஓக் என்ற பெருவயிற்று மரத்துக்கு ஆயிரம் வயது என்கிறார்கள். இரும்புப் பட்டை கட்டித்தான் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். அது மேற்கெல்லையில் ஏ346 சாலையை ஒட்டியே நிற்பதால், பார்க்கப் போகிறவர்கள் குழந்தையின் கையை விடக்கூடாது. அந்தச் சாலையிலிருந்தும் வடக்கே ஏ4 சாலையிலிருந்தும் விலகிக் கிழக்குப் பாதியிலேயே இருந்தால் காது ஓயும்.

காட்டுக்குப் போக மனமில்லாதவர்களுக்கும் பெட்வினில் வேலை இருக்கிறது. கென்னட் – ஏவன் கால்வாய் கிராமத்தின் ஓரமாகப் போகிறது. கரைவழியே சமதரையில் நடந்தால் கிராஃப்டன் நீரேற்று நிலையம். போக வர ஏறக்குறைய 5 கிலோமீட்டர். கால்வாயின் உச்சிப்பகுதி வற்றாமல் இருக்க அங்கே தண்ணீரை 40 அடி மேலேற்ற வேண்டியிருந்தது. 1812இல் நிறுவிய போல்டன் – வாட் நீராவி எந்திரம் அதே இடத்தில் இன்னும் இயங்கும் நிலையில் இருக்கிறது. குறிப்பிட்ட சில வார இறுதிகளில் நீராவியேற்றி ஓட்டிக் காட்டுகிறார்கள். பக்கத்துக் குன்றில் உள்ள வில்டன் காற்றாலை இதன் தொடர்கதை. கால்வாய்க்காக ஆற்றுநீரை எடுத்துக்கொண்டதால் சுற்றுவட்டார நீராலைகள் நின்றுபோயின. மாவரைக்க 1821இல் இந்தக் காற்றாலையைக் கட்டினார்கள். அப்பா இயந்திரப் பிரியர், நீங்கள் மரப் பிரியர் என்றால் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து மாலையில் நிலையத்தில் சந்திக்கலாம்.

கார் இருந்தால் இன்னொரு வாய்ப்பும் உண்டு. மார்ல்பரோவுக்கு அந்தப் பக்கம் வெஸ்ட் வுட்ஸ் என்ற காடு. ஏப்ரல் இறுதியிலிருந்து மே நடுப்பகுதி வரை அதன் தரை முழுக்க நீல மணிப்பூக்கள் விரிந்திருக்கும். ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்களில் பெரும்பாலானவை இந்தக் காட்டிலிருந்து போனவை என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. பூக்காலத்து ஞாயிற்றுக்கிழமையில் அங்கே அமைதியை எதிர்பார்க்க வேண்டாம். புகைப்படத்துக்காகப் பூக்களின் நடுவே உட்காராதீர்கள். இலை நசுங்கினால் கிழங்குக்கு உணவு சேராது. அந்த இடம் மீள ஆண்டுகள் பிடிக்கும்.

நிபந்தனைகள் இவை: காட்டுக்குள் கஃபே இல்லை, கைபேசி அலைவரிசையை நம்ப முடியாது, காட்டைத் தொட்டுத் திரும்பவே முழு நாள் நடை ஆகிவிடும். ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் 157 வரைபடத்தைக் காகிதத்திலோ, முன்பே இறக்கிவைத்த செயலியிலோ எடுத்துச் செல்லுங்கள். மதிய உணவைக் கையில் கொண்டுபோவதே நல்லது. கிராமத்துப் பப் சமையலறைகள் பிற்பகலில் மூடிவிடும். சைவம் என்றால் தேர்வும் சுருங்கும்.

## ஒரே பார்வையில்

| | எப்பிங் | பர்னம் பீச்சஸ் | நியூ ஃபாரஸ்ட் | சாவர்னாக் |
|---|---|---|---|---|
| அமைதி | வார நாளில் மட்டும் | விமான ஓசை உண்டு | உள்ளே போனால் நன்று | நான்கில் சிறந்தது |
| கார் இல்லாமல் | மிக எளிது | ரயிலும் பஸ்ஸும் | நேரடி ரயில் | ரயிலும் ஒரு மணி நடையும் |
| பயணச் செலவு | மிகக் குறைவு | குறைவு | அதிகம் | நடுத்தரத்துக்கு மேல் |
| முதியோர், குழந்தை வண்டி | சில பாதைகள் | மிக வசதி | கிராமத்தருகே மட்டும் | கால்வாய்க் கரை மட்டும் |
| கழிப்பறை, உணவு | சில இடங்களில் | உண்டு | கிராமங்களில் | கிராமத்தில் மட்டும் |
| மறைமுகச் செலவு | சேறு | டாக்சி | சைக்கிள் வாடகை | தவறவிட்ட ரயில் |

## எங்கே போனாலும் சேரும் கணக்கு

மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து நெரிசல் இல்லாத நேரத்தில் போனால், குரூப்சேவ் சலுகையில் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். பிராக்கன்ஹர்ஸ்ட், பெட்வின் இரண்டுக்குமே இது பொருந்தும். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்பு என்று ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். முந்தைய இரவு சரிபாருங்கள்.

கோடையில் பெரணிப் புதர்களில் உண்ணி இருக்கும். அது லைம் நோயைப் பரப்பக்கூடும். முழுக்கால்சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, குழந்தைகளின் தலைமுடியோரம் ஆகிய இடங்களைப் பாருங்கள். கடித்துச் சில வாரங்களுக்குள் வட்டமாகத் தடிப்பு பரவினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும். சாவர்னாக் நடையை அந்த மாதத்தில் மதியம் தொடங்காதீர்கள். வயல்வழியில் மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு. நீல அம்புள்ள பாதையில் குதிரையும் சைக்கிளும் வரலாம். நீங்கள் திறந்த கதவை நீங்களே மூடிவிட்டுப் போங்கள். கன்றோடு நிற்கும் மாடுகளைச் சுற்றிப் போங்கள். ஊர் மாடுகளோடு பழகிய துணிச்சல் இங்கே உதவாது.

## ஆக, யார் எங்கே?

பெற்றோருக்கு முழங்கால் வலி என்றால் பர்னம், அதுவும் வார நாளில். கையில் அரை நாள்தான், பணமும் குறைவு என்றால் எப்பிங். குழந்தைகளோடு, இரண்டு நாள் தங்கி வரும் திட்டமிருந்தால் நியூ ஃபாரஸ்ட். ஒரே நாளில் ஓடிப்போய்த் திரும்ப அது உகந்ததல்ல. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சளைக்காமல் நடக்கும் இருவர் மூவர், பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒரு நாளைக் கழிக்க விரும்பினால் சாவர்னாக். அக்டோபர் கடைசியில், முடிந்தால் புதன் அல்லது வியாழன், காலை ஒன்பதரைக்குள் பெட்வினில் இறங்குமாறு பாருங்கள். திரும்பும் ரயில்களில் இரண்டின் நேரத்தையாவது குறித்துக்கொண்டு போங்கள்.